பெட்டியில் முப்பத்திரண்டு, உள்ளே இருபத்தொன்று

போன் பெட்டியின் மேல் முப்பத்திரண்டு ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். திறந்த அன்றே உள்ளே இருபத்தொன்றுதான் காலியாக இருந்தது. அதற்கான காரணமெல்லாம் இன்று எனக்குத் தெரியும், கணினிப் பாடம் படிக்கிறவள்தான். தெரிந்தும் சொல்கிறேன், அது அநியாயம். அரிசி மூட்டையில் பத்து கிலோ என்று போட்டுவிட்டு ஏழு கிலோ கொடுத்தால் எந்தக் கடைக்காரனையாவது சும்மா விடுவோமா?

அப்போது எனக்குப் பத்து வயது. யோங் பெங்கில் இருந்தோம். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை தவறாமல் எல்லை தாண்டி வீட்டுக்கு வரும் அப்பா, கொரோனா நோய்க்காக எல்லையை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடமும் மூடி, பாடமெல்லாம் போனில் என்று ஆனது. பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடு என்று அப்பா மாமாவிடம் சொன்னார். அம்மாவின் தம்பியான மாமா, டவுன் கடையில் வாங்கி, சிம்மெல்லாம் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

போன் முழுக்க மலாய். அமைப்புகளைத் துழாவிக்கொண்டு போனால் ஓரிடத்தில் 'டிகுனாக்கான்', அதாவது பயன்படுத்தியாகிவிட்டது, பதினொன்று என்று இருந்தது. நான் இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எனக்கு முன்னால் பெட்டியைப் பிரித்தவர் மாமா ஒருவர்தான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மாமாவின் பழைய பாட்டுப் பைத்தியம் ஊரறிந்தது, பாட்டையெல்லாம் என் போனில் ஒளித்துவைத்திருக்கிறார் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “அலமாக், சிம்மு போட்டேன், ஒங்கப்பா நம்பர் போட்டேன், அவ்ளோதான் லா. ஒரு நம்பர் அம்புட்டு எடத்தையா புடிக்கும்?” என்றார்.

தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள என்னைக் கடைக்கே கூட்டிப்போனார். கடை முதலாளியான சீனத் தவுக்கே நல்ல மனிதர். மலாயில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். போன் ஓடுவதற்கென்றே சில நிரல்கள் வேண்டும், அவை போனுக்குள்தான் குடியிருக்கும். போதாக்குறைக்கு, தொழிற்சாலைக்காரன் ஆயிரத்தை ஒன்றாக எண்ணுவான், உள்ளே ஆயிரத்து இருபத்து நாலை ஒன்றாக எண்ணுவார்கள், அதிலும் கொஞ்சம் குறையும். டுரியான் பழத்தை முள்தோலோடு நிறுத்துத்தானே வாங்குகிறாய், அதற்குச் சண்டை போடுகிறாயா என்று கேட்டார். டுரியானுக்குத் தோல் வெளியே தெரிகிறது, இதற்குத் தெரியவில்லையே என்றேன். தவுக்கே சிரித்துவிட்டு, திரையில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். தாளை வாங்கிக்கொண்டேன், ஆனால் ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் அம்மாவுக்கு அப்பா பேசி அனுப்பும் குரல் செய்திகளெல்லாம் என் போனுக்குத்தான் வரும். எண்ணெய்க்கான செம்பனைக் கன்றுகளை வளர்க்கும் நர்சரியில் வேலை முடிந்து வந்ததும் அம்மா கையைக் கழுவிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் மெஷினருகே போய்விடுவார். புதிதாக வந்ததைக் கேட்டுவிட்டு, பழையது ஏதோ ஒன்றைத் தேடி எடுத்து மறுபடி கேட்பார். நான் பக்கத்தில் போனால் காதோடு அணைத்துக்கொள்வார்.

சில மாதங்களில் பாட வீடியோக்களாலேயே போன் நிரம்பிவிட்டது. கதை சொல்லும் போட்டிக்கு நான் பேசி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், டீச்சர் கொடுத்த கடைசி நாள் வந்துவிட்டது. போனோ இடமில்லை என்று கைவிரித்தது. பாட வீடியோ நாலை அழித்திருந்தால் போதும். ஆனால் யாருடையதோ பதினொன்று சட்டமாக உட்கார்ந்திருக்கும்போது என்னுடையதை நான் ஏன் அழிக்க வேண்டும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் பொருந்தும். போனையே துடைத்துப் புதிதாக்கும் வழி ஒன்று அமைப்புகளில் இருந்தது. எல்லாவற்றையும் கழுவி ஊற்றினால் அதுவும் சேர்ந்து வெளியே போகத்தானே வேண்டும் என்று அழுத்திவிட்டேன்.

போன் புதிதாக எழுந்தது. டிகுனாக்கான், பதினொன்று.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா, “அப்பா பேசுனதெல்லாம்?” என்று மட்டும் கேட்டார்.

“அதெல்லாம் போயிருச்சும்மா. இந்தப் பதினொன்னு மட்டும் போகல, பாருங்க.”

அம்மா என்னைத் திட்டவில்லை. மறுநாள் மாமாவிடம் போனைக் கொடுத்துத் தவுக்கேயிடம் அனுப்பினார். அழிந்த குரலைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நிஜமாகவே எடுக்க முடியாதாமா என்று மாமாவிடம் இரண்டு தரம் கேட்டார். அப்பா வழக்கம்போலப் பேசி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அம்மா ஒரு தரம் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிடுவார். போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதையும் பதினொன்றின் கணக்கில்தான் எழுதினேன்.

எல்லையைத் திறந்ததும் ஒரு மதியம் அப்பா வந்து சேர்ந்தார். சாப்பாடு பரிமாறிக்கொண்டே அம்மா மெதுவாகக் கேட்டார். “ஏங்க, மொத வருசம் தீபாவளிக்கு வர முடியாதப்ப ஒன்னு பேசி அனுப்புனீங்களே. அத இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்.”

அப்பா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “என்னா சொன்னேன்னே ஞாபகம் இல்லியேம்மா. தெனம் எதையாச்சும் பேசிக்கிட்டுதான இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆளே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் எதற்கு அந்தப் பழைய பேச்சு என்று கேட்டேவிட்டேன். அம்மாவும் சிரித்தார். ரசம் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. சூடுபண்ணிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.