மூன்று ஓட்டைக்கும் சாவி

எங்கள் அண்ணியைப் போலப் பயந்த ஆளை நான் பார்த்ததில்லை. கதவு படாரென்று சாத்தினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டுகிறார் என்றால் யாரும் நம்புவதில்லை. ஓட்டுகிறார், நன்றாகவே ஓட்டுகிறார்.

லேத் அண்ணனுடையது. இரும்புத் துணுக்கு தெறித்து வலது கண் போன பிறகு, இரும்பைச் சீவும் டூல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அவரால் மட்டுக்கட்ட முடியவில்லை. அண்ணி பட்டறைக்கு வந்தார். அண்ணன் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். நான் எதிர் மூலையில் துளை போடும் மெஷினில் நிற்பவன். எல்லாம் என் கண் முன்னால் நடந்ததுதான்.

லேத்தில் சுற்றும் இரும்பைக் கவ்விப் பிடிப்பது சக். அதற்கு மூன்று தாடைகள், விளிம்பில் சாவி போட மூன்று ஓட்டைகள். எந்த ஓட்டையில் திருகினாலும் மூன்று தாடையும் சேர்ந்தே நகரும் என்பதால், அவசரக்காரர்கள் ஒன்றில் மட்டும் இறுக்கிவிட்டு மெஷினைப் போட்டுவிடுவார்கள். ஆனால் அப்படிச் செய்தால் பிடி எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுகாது. அண்ணி அப்படியல்ல. முதல் ஓட்டையில் பிடிமானத்துக்குக் கொஞ்சம், சக்கைக் கையால் உருட்டி இரண்டாவதில், அப்புறம் மூன்றாவதில், மறுபடி முதலாவதற்கே வந்து ஓர் இழுப்பு. சாவியை ஆணியில் மாட்டி, "மாட்டியாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார். என்ன பயம் என்று கேட்டால் ஒளிக்க மாட்டார். "அவருக்கு இன்னும் ஒரு கண்ணுதான் இருக்கு" என்பார்.

அண்ணனுக்கு இது கேலி. சக்கைச் சுற்றிக் கும்பிடு போடுகிறாள் என்பார். நானும் சிரிப்பேன்.

அன்று பம்பு ரிப்பேர்க்காரர் கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். எங்க வீட்டம்மா சாவி போட்டு முடிப்பதற்குள் உங்க பம்பு துருப்பிடித்துவிடும் என்று அண்ணன் அவரிடம் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அண்ணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைச் சக்கில் வைத்து ஒரே ஓட்டையில் சாவியை இழுத்தார், ஆணியில் மாட்டினார், சுவிட்சைப் போட்டார். ரிப்பேர்க்காரர் போன் பேச வெளியே போனார்.

டூல் பட்டதும் சத்தம் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் வழக்கம்போல் சக்குக்கு நேர் எதிரே குனிந்து இடது கண்ணைக் கிட்டக் கொண்டுபோனார். நிற்கக் கூடாத இடம் அது. சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

டக் என்றது. அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். இரும்பு தாடையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கழன்று வந்தால் நேராக அந்த முகத்துக்குத்தான் வரும். கத்த வாயெடுத்தேன். ஆனால் கூப்பிட்டால் அண்ணன் நகர மாட்டார், நின்ற இடத்திலேயே நிமிர்ந்து "என்ன?" என்பார். அதனால் கத்தவில்லை.

அண்ணியும் கத்தவில்லை. டூலைப் பின்னுக்கு இழுத்து, சுவிட்சை அணைத்து, மறு கையால் அண்ணனின் இடது கண்ணைப் பொத்தித் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சக் உடனே நின்றுவிடாது. அது சுற்றி ஓயும்வரை அப்படியே நின்றார்கள். அந்த ஒரு கண்ணையும் மூடினால் அண்ணனுக்கு எல்லாமே இருட்டு.

"என்னம்மா ஆச்சு? கையை எடு" என்றார். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். அண்ணி எடுக்கவில்லை.

சக் நின்றபோது சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அண்ணி சாவியை எடுத்து இரண்டாவது ஓட்டையில் போட்டார். விரலால் தள்ளியதற்கே சாவி சுற்றியது, அங்கே பிடியே இல்லை. சாவி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"ஒரு தடவையாவது பயப்படாம செஞ்சு பாக்கலாம்னு தோணிடுச்சுங்க" என்றார்.

அண்ணன் முகத்தில் அண்ணியின் விரல்கள் எண்ணெய்க் கறையாகப் பதிந்திருந்தன. அவர் துடைக்கவில்லை. குனிந்து, தரையைத் துழாவிச் சாவியை எடுத்து அண்ணி கையில் வைத்தார்.

"பயப்படும்மா. நல்லா பயப்படு."

ரிப்பேர்க்காரர் உள்ளே வந்து, முடிந்ததா என்று கேட்டார். இல்லை, நேரமாகும், உட்காருங்கள் என்றார் அண்ணன். பிறகு சக்கைத் தன் கையாலேயே உருட்டி, அடுத்த ஓட்டையை அண்ணிக்கு நேராகக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.