வஞ்சிரத்திடம் அனுமதி கேட்டவள்

நர்ஸ் வேலை என்றாலே ஊசி போடுவதுதான் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பாடமே பெட்ஷீட் மடிப்பது என்பது உள்ளே வந்து மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். கை கழுவுவது, படுக்கை போடுவது, நாடி பார்ப்பது என்று அந்த முதல் வருடத்தைத் தாண்டி வந்த சகோதர சகோதரிகளே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும்.

எனக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். நான் காலேஜில் சேர்ந்த அன்றே துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஏலம் விடும் அக்காக்களிலிருந்து ஐஸ் உடைக்கிறவர்கள் வரை எல்லாருக்கும் நான் அன்றே 'நர்சம்மா'. பிராக்டிகலில் பெயிலானால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. நிஜமாகவே பயந்துபோயிருந்தேன்.

மூலை மடிப்பு

விரிப்பின் மூலையைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். சுருக்கம் இருக்கவே கூடாது. எழுந்திருக்க முடியாத நோயாளிக்கு அந்தச் சுருக்கமே புண்ணாகிவிடும். எங்கள் டியூட்டர் ரோஸி மேடம் துணியின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். முகம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

வீட்டில் இருந்த ஒரே கட்டில் அப்பாவுடையது. அதில்தான் என் பயிற்சி. மேல் போர்வையையும் கால்பக்கம் இறுக்கிச் செருகிவிட்டு, தள்ளி நின்று ரசித்தேன். கடலிலிருந்து வந்த அப்பா களைப்போடு அதற்குள் நுழைந்தார். பாதி ஆள்தான் உள்ளே போனார். கால் விரல்கள் போர்வையில் முட்டி மடங்கிக்கொண்டன.

"இன்னாம்மா இது, கட்டிலா, கவரா? ஆளை உள்ள வுட்டு ஒட்டிட்டியே, காலை எங்க நீட்றது?"

பொம்மைக்கும் மரியாதை

லேபில் எங்களுக்கு நோயாளி ஒரு பொம்மை. பொம்மையே ஆனாலும் தொடுவதற்கு முன் நம் பெயரைச் சொல்ல வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று விளக்க வேண்டும், செய்யலாமா என்று கேட்க வேண்டும். இது ரோஸி மேடத்தின் சட்டம். பொம்மை பதில் சொல்லாது என்பதெல்லாம் அவரிடம் செல்லாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முழு வஞ்சிரம் ஒன்றை என் முன்னால் வைத்துச் சுத்தம் செய்யச் சொன்னார். விரலிடுக்கு, மணிக்கட்டு என்று கையைப் பாடப்படி கழுவினேன். அதற்குப் பிறகு வாய் தானாக ஓடியது. "வணக்கம், என் பேர் செல்வி. உங்களை இப்ப இடது பக்கமா திருப்பப் போறேன். சரிங்களா?" அம்மா எடுத்து வந்த அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டார்.

"மீனாண்ட பர்மிஷன் கேட்டுகினு நின்னா கொயம்பு இன்னிக்கு கொதிக்குமா, நாளிக்கா?"

யாருடைய நாடி?

வார்டில் எனக்கு வாய்த்தவர் அஞ்சலையம்மா. நெட்டுக்குப்பத்துக்காரர், மீன் விற்பவர். கூடையோடு வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அவர் ஒரு சத்தம் போட்டால் வார்டே கப்சிப்.

நாடியை விரல் நுனிகளால்தான் பார்க்க வேண்டும். கட்டைவிரலை வைத்தால் அதில் ஓடும் நம் நாடியையே எண்ணித் தொலைப்போம். எனக்கும் தெரியும். அவர் முறைத்த முறைப்பில் கட்டைவிரலை வைத்துவிட்டேன். தடதடவென்று ஓடியது. ஓடிப்போய் ரோஸி மேடத்தை இழுத்து வந்தேன். அவர் பார்த்தபோது நாடி சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. "கட்டைவிரல வச்சியா? நீ எண்ணினது உன் நாடிடி" என்றார். அஞ்சலையம்மா என் கையை எட்டிப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணியும் இல்ல டீச்சரம்மா. இந்தப் பொண்ணுக்குத்தான் தடதடன்னு அட்ச்சிக்குது. மொதல்ல இத்த படுக்க வைங்க."

அந்தப் பிராக்டிகல்

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். எனக்குக் கொடுத்த வேலை, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றிவிட்டு நாடி பார்ப்பது. நோயாளி? அஞ்சலையம்மாவேதான். எனக்கு முன்னால் போன மாணவி சொல்லாமல் கொள்ளாமல் அவரைத் திருப்பப் பார்த்து, "நான் இன்னா மூட்டையா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியிருந்தாள். என்னையும் தொடாதே என்றுவிட்டால் கதை முடிந்தது.

கை கழுவினேன். "வணக்கம், என் பேர் செல்வி. உங்களை ஒரு பக்கமா திருப்பிட்டு துணி மாத்தப் போறேன். கால் வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன். சரிங்களா?" வஞ்சிரத்திடம் சொன்ன அதே வசனம். அஞ்சலையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துத் தானே திரும்பிக் கொடுத்தார்.

விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மேல் போர்வையை இறுக்கப் போனபோது அப்பாவின் மடங்கிய விரல்கள் ஞாபகம் வந்தன. கால்பக்கம் ஒரு மடிப்பைத் தளர்த்திவிட்டேன். நாடி பார்க்கும்போது கட்டைவிரல் பக்கத்திலேயே வரவில்லை. வசதியாக இருக்கிறதா என்று தேர்வாளர் கேட்டார். அஞ்சலையம்மா மறுபடியும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"காலு ஃப்ரீயா கீது, சொகமா கீது சார். இதுக்குத்தான் இன்னும் தடதடன்னு அட்ச்சிகினு கீது. பாஸுன்னு ஒரு வார்த்த சொல்லி வுட்டுடு, ரெண்டு பேரும் மூச்சு வுட்டுக்கறோம்."

பாஸாகி, வேலைக்கும் போய், மூலை மடிப்பில் இன்று யாருக்கும் சளைத்தவள் இல்லை என்றாலும், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்தைத் திருப்பும்போது மட்டும் அம்மா காதில் விழாமல் ஒரு 'சரிங்களா' கேட்டுவிட்டுத்தான் திருப்புகிறேன்.