மழை நாளில் மட்டும் கெட்டிக்காரன்

எனக்குக் காது சரியாகக் கேட்காது என்பது ஏழு வயது வரை எனக்கே தெரியாது. வீட்டிலும் யாருக்கும் தெரியாது. இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். பெற்ற தாய்க்குக்கூடவா தெரியாமல் போகும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி, ரயில்வே வேலைக்காரர்களுக்காகக் கட்டிய லயத்து வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பட்டறையில் பாய்லர் வேலை. வெளியிலிருந்து ஒருவர் சம்மட்டியால் ஆணியை அறைய, இவர் பாய்லருக்குள்ளே குந்தியிருந்து அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது மாதிரி. நான் பிறப்பதற்கு முன்பே அவர் காது பெரும்பாலும் போய்விட்டது. அந்த வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் யாரும் பேசியது கிடையாது, கத்தினோம். அம்மா அப்பாவிடம் உப்பு வாங்கி வரச் சொன்னால் நாலாவது வீட்டுக்காரி உப்பை எடுத்துக்கொண்டு வருவாள். நடுவில் ரயில் போனால் அதற்கும் மேலே இன்னொரு கத்தல். நாலு வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து, காதில் வெகு நாள் சீழ் வடிந்ததாம். அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டாள், சீழ் நின்றது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். காது எங்கே போயிற்று என்று யார் பார்த்தார்கள்? அந்த இரைச்சலில் நான் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளர்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா, அந்தக் காலத்துத் தகப்பன்மார்கள் எல்லோரும் சொன்னதையே சொன்னார். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததெல்லாம் உங்க பொறுப்பு வாத்தியாரே." தோலை உரித்தாலும் சரி, பிள்ளை படித்தால் போதும் என்று அர்த்தம். காதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அப்பா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளையை ஒப்படைத்தாயிற்று, அவ்வளவுதான்.

ஒரே கூடம், தகரக் கூரை, ஒரே வாத்தியார். அவருக்குத் தன் குரலில் தனிப் பெருமை. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் உரக்கப் பேச மாட்டார். மெல்லப் பேசினால்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கவனிப்பார்கள் என்பது அவர் எண்ணம். மற்றவர்கள் விஷயத்தில் அது உண்மைதான். எனக்கு அவர் வாய் அசைவது தெரியும். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டால் அதுவும் போயிற்று. பக்கத்துப் பையன் சிலேட்டை எடுத்தால் நானும் எடுப்பேன். எல்லோரும் வாய்ப்பாடு சொன்னால் நானும் வாயைத் திறந்து மூடுவேன். பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டான், கேட்டால் பதில் சொல்ல மாட்டான். வாத்தியாருக்கு வேறென்ன தோன்றும்? திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டிவிட்டார். பாதி நாள் சுவரோரம் முட்டி போட்டிருப்பேன். ஆனாலும் எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். இதை யாரும் நம்பவில்லை. சிலேட்டில் ஓர் எழுத்து சரியாக விழுந்தால் வரும் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

அதிலும் மழை நாட்கள் என்றால் கொண்டாட்டம். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. வாத்தியார் பேச்சை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பலகையில் எழுதிப் போடுவார். அன்றைக்கு முதலில் கணக்கை முடித்துச் சிலேட்டைத் தூக்கிக் காட்டுகிறவன் நான்தான். இதைப் பார்த்து அவர் மகிழ்ந்தார் என்றா நினைக்கிறீர்கள்? கோபம்தான் கூடியது. தெரிந்துகொண்டே வேண்டுமென்று செய்கிறான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம் அல்லவா?

கடைசியில், இந்தப் பையனை வைத்துக்கொண்டு தன்னால் மாரடிக்க முடியாது என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா அதிகம் யோசிக்கவில்லை. கிள்ளானில் சித்தப்பா மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்துவந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து என்னைக் கூட்டிப் போவது, நான் அங்கே மாடு மேய்ப்பது என்று தீர்மானமாயிற்று. எனக்கு மாட்டைக் கண்டால் பயம். அதைவிடப் பெரிய பயம், இனிமேல் சிலேட்டே கிடையாது என்பது. அழுதேன். அழுதால் மனம் மாறுகிற ஆள் இல்லை அப்பா.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கெஞ்சப் போவதாகத்தான் கிளம்பினாள். வாசலில் நின்று பேச ஆரம்பித்ததும் அது சண்டையாகிவிட்டது. என்னைச் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, தண்டவாளத்தில் எஞ்சின் முன்னும் பின்னும் போய் வருவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அம்மா பிற்பாடு சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான்மா உங்க பையன்" என்றாராம் வாத்தியார்.

"வீட்டுல ஒரு கொரல் குடுத்தா ஓடியாரான். நீங்க எப்படிக் கூப்புடுறீங்களோ?"

"பெத்தவங்களே பிள்ளைக்குப் பரிஞ்சு பொய் சொன்னா நான் என்ன செய்யறது? இப்பவே பாருங்க." வாசலில் நின்றபடியே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் கூப்பிட்டார். "பாத்தீங்களா?"

அம்மா தன் வீட்டுக் குரலை எடுத்தாள். நான் திரும்பி ஓடிவந்தேன். ரோட்டில் போன மாட்டுவண்டிக்காரரும் வண்டியை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று பார்த்தாராம்.

வாத்தியார் என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் வெகு அருகில் நின்று தன் குரலில் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு இன்னும் உரக்க. மூன்றாவது தடவை நான் திரும்பினேன். அவர் முகம் வேர்த்திருந்தது. அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

"வீட்டுல எல்லாரும் இப்படித்தான் பேசுவீங்களாம்மா?"

"இவங்கப்பாவுக்குக் காது மந்தம் ஐயா. கத்தலேன்னா குடும்பம் நடத்த முடியாது."

"மழை பேஞ்சா மட்டும்தானே நான் எழுதிப் போடுறேன்" என்றார் வாத்தியார், யாரிடமோ சொல்வது மாதிரி. பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

வீட்டுக்குத் தெரிந்தது பாதி, பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது பாதி. வீட்டில் ஓடிவருகிற பிள்ளையை வாத்தியார் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மரம் மாதிரி நிற்கிற பிள்ளையை அம்மா பார்த்ததில்லை. சண்டை போடவாவது அவள் போனாளே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மரியாதை என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கியிருந்திருந்தால் நான் கிள்ளானில் சாணி அள்ளிக்கொண்டிருந்திருப்பேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்க வெட்கப்படுகிற பெற்றோரைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

அன்றே இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இனி நான் முதல் வரிசை, வாத்தியாருக்கு நேர் எதிரே. பேசுவதற்கு முன் அவர் என் பக்கம் திரும்புவார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அம்மா வருவாள். அன்றைய பாடத்தை வாத்தியார் அவளிடம் வாயால் சொல்வார். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கேட்டதை மறக்காதவள். அதை அப்படியே சுமந்துவந்து, குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எனக்குச் சொல்லித் தருவாள், தன் வீட்டுக் குரலில். ஒரு வாரத்தில் லயத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடமானது என்று கேலி செய்தார்கள். ஆனால் அது பின்னால் நடந்தது.

அன்று சாயந்திரம் நிலைமை அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை, அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லயம் முழுக்கக் கேட்டது. அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் காதுதான் இவனுக்கு வந்திருச்சா?" என்றார். அம்மா சீழ் வடிந்த கதையை நினைவுபடுத்தினாள். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கு மாடுதான் என்று உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை பட்டறை அரை நாள். அப்பா கரி படிந்த உடுப்போடு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாத்தியார் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தார். பதில் பேச வேண்டிய இடம் எதற்கும் போகாத மனுஷன் அப்பா. கல்யாண வீட்டில்கூட ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். நான் பின்னாலேயே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாத்தியார் அப்பாவுக்கு வெகு அருகில், எதிரே நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வகுப்பில் பார்க்கிற மாதிரியே பார்த்தார். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா குளித்தார். சாப்பிட்டார். அம்மா என் துணிகளை மடித்து ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மணைப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதிரே உட்காரச் சொல்லி எனக்குக் கைகாட்டினார்.

"பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

அவர் கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னார். எனக்கு எல்லாமே விளங்கியது. அதுவரை அவர் என்னிடம் அப்படி ஒன்றை விசாரித்ததே இல்லை. படிப்பில் அக்கறை இல்லாதவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பழக்கத்தில் நான் கத்தப் போனேன். அவர் கையை உயர்த்தித் தடுத்து, தன் வாயைத் தொட்டுக் காட்டினார். நானும் அவரைப் போலவே மெதுவாக, நதி எங்கே பிறந்து எப்படிக் கடலுக்குப் போகிறது என்று வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து படித்த பாடத்தைச் சொன்னேன். அவர் கண் என் வாயை விட்டு நகரவில்லை. நான் முடித்ததும், அதை முழுவதும் ஒரு தரம் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்லும் விடவில்லை.

"நீ சொல்ற பதிலு எனக்கு எட்டாதுன்னுதான் இத்தன நாளா விசாரிக்கல" என்றார்.

பிறகு அம்மா பக்கம் திரும்பி, மூட்டையை அவிழ்க்கும்படி சைகை செய்தார். பலகையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார். எங்கள் முழங்கால்கள் முட்டிக்கொண்டன.

"இன்னும் என்ன தெரியும், சொல்லு" என்றார்.