குழாயை யார் பிடிப்பது?

துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர் அடுக்கும் யார்டு ஒன்றில் எனக்கு வேலை. வாசலில் வந்து நிற்கும் பெட்டியின் சீல் நம்பரும் தாளில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். டிரைவர் சிரித்துப் பேசினால் இன்னொரு தடவை பார்ப்பேன். எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். "கோயில் மணி அடிச்சாலும் நீ கடிகாரத்தப் பாத்துட்டுத்தாம்ளா நம்புவ" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் சங்கு குளிக்கிறவர். படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து போகும் நீளக் குழாயை இடுப்பில் சுற்றிக் கட்டி, நுனியை வாயில் கவ்விக்கொண்டு அடியில் இறங்குவார். மேலே ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கையில்தான் அவர் மூச்சு இருக்கிறது, என் தாலியும் இருக்கிறது.

பாராளுமன்றத் தேர்தல் வந்த சமயம், அதுவரை குழாய் பிடித்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அடுத்து யார் என்று பேச்சு வந்தது. முத்துக் குளித்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் ஒரு வழக்கம் சொல்வார்கள்: கயிறு பிடிப்பவன், குளிக்கிறவனுடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். தங்கச்சியோ அக்காவோ தாலியறுக்க எவனுக்கும் மனசு வராது என்பதுதான் கணக்கு. அதன்படி இவர் என் தம்பியைக் கூப்பிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தம்பியை எனக்குத் தெரியும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிற ஆள். கரையிலேயே கைதேர்ந்த ஓர் அண்ணாச்சி இருந்தார். எத்தனையோ பேருக்குக் குழாய் பிடித்தவர். அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் டிவி முன்னால் உட்கார்ந்து இவர் என் தம்பியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நாட்ட ஆளுதவனுக்கு அனுபவம் வேணும் மாப்ளே. நேத்து வந்தவன் கையில குடுத்துர முடியுமா?"

"அனுபவம் இருந்தும் அதே தப்பத் திரும்பத் திரும்பச் செஞ்சவங்கள பாத்தாச்சுல்லா அத்தான். அந்தந்த நேரத்துக்கு எது சரின்னு முடிவெடுக்கத் தெரியணும்."

எனக்கு இரண்டு பேர் பேச்சும் பிடிக்கவில்லை. அனுபவம் என்றால் எதில் அனுபவம்? சரியான முடிவு என்றால் யாருக்குச் சரி? டிவியில் கும்பிட்ட முகங்கள் எல்லாமே எனக்குச் சீல் உடைத்து ஒட்டிய பெட்டிகளாகத்தான் தெரிந்தன.

"நாட்டுக்கு அனுபவம் வேணுங்கிறீங்க, உங்க மூச்சுக்கு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"பிரதமரா வந்து என் டியூப்பப் பிடிக்கப் போறாரு?" என்றார்.

கடைசியில் ஒருவழியாகச் சமாதானம் ஆனோம். குழாய் தம்பி கையில். கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளவும் அவனைப் பார்த்துக்கொள்ளவும் அண்ணாச்சியும் படகில் போவார்.

ஒரு நாள் மதியத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அடியில நல்ல சங்கு கெடக்கு. இந்தப் பய டியூப்பப் பிடிச்சு இழுஇழுன்னு இழுத்து மேல கொண்டாந்துட்டான்!"

தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். காற்று திரும்பியிருக்கிறது. இன்ஜின் புகை கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் பக்கமாக வந்திருக்கிறது. இவன் அண்ணாச்சியிடம் கேட்க, "இதெல்லாம் சகஜம்டே, இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்" என்றாராம். இவன் அதைக் காதில் வாங்காமல் இழுத்துவிட்டான்.

நான் அவனையும் நம்பவில்லை. வீட்டுக்குச் சீக்கிரம் வரச் செய்த தந்திரமோ என்று நினைத்தேன். ஆனால் சாயந்திரம் இவருக்குத் தலை பிளக்கிற மாதிரி வலித்தது, வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு, புகைக்காற்றைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருந்திருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்றார்.

மறுநாள் அண்ணாச்சி பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கண் கலங்கினார். "எத்தனையோ தடவ இப்படிப் பொகை வந்திருக்கும்மா. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல. அதாம் விட்டேன்." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நான் தேடிப்பிடித்துச் சேர்த்த அனுபவம் அது.

அவர் போனபிறகு தம்பியைக் கேட்டேன். "பொகை போனா ஆபத்துன்னு ஒனக்கு எப்படிலே தெரிஞ்சுது?"

"எனக்கு என்னக்கா தெரியும்? ஓம் மூஞ்சி ஞாபகம் வந்துது. இழுத்துட்டேன்."

வாக்குப்பதிவு அன்று இவர் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். இரண்டு பேருமாகப் போய் வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. மெஷினில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழாகப் பார்த்தேன், கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். அனுபவம் உள்ளவர் இருந்தார், கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவரும் இருந்தார். யாருடைய முகத்தையும் என்னால் நம்ப முடியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மா, ஏதும் கோளாறா?" என்று அலுவலர் கேட்டார். பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

வேப்பமரத்தடியில் இவர் காத்திருந்தார்.

"என்னளா இம்புட்டு நேரம்? யாருக்குப் போட்ட?"

"நீங்க மேல வரலன்னா எவனுக்குத் தூக்கம் வராதுன்னு தேடினேன்."

"அப்படி யாரு இருக்கா?"

"அதாங்க இம்புட்டு நேரம்" என்றேன்.