ஓம் ஓம் என்று தலையாட்டிக் கட்டிய பாலங்கள்

குளிர்நாட்டில் பாலம் கட்டுகிறவனுக்குக் கொங்கிரீட்டுக்கு முந்தி நாக்கு உறைந்துவிடும். வெளிவேலை செய்து கை விறைத்த உங்களுக்கு இது புதுக்கதையில்லை. தொண்ணூறுகளில் ஜெர்மனியின் பவேரியக் காட்டோரக் கிராமங்களில் சின்னப் பாலங்கள் கட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

போர்வை

முதல் குளிர்காலம். மேற்பார்வையாளர் வெர்னர் பின்னேரம் ஏதோ சொல்லிக் கையைக் காட்டினார். விளங்கவில்லை, "யா, யா" என்று ஜெர்மனில் ஓம் போட்டுத் தலையாட்டினேன். அன்று ஊற்றிய கொங்கிரீட்டைத் தடித்த பாய்களால் மூடச் சொல்லியிருக்கிறார். நானோ பக்கத்தில் கிடந்த சீமெந்துப் பைகளைக் கவனமாகப் போர்த்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் வெயில் பட்டதும், இரவில் உறைந்துபோயிருந்த பாலத்தின் ஓரக்கட்டு நகத்தால் சுரண்ட மாவாய் உதிர்ந்தது. நாலு பேர் சேர்ந்து இடித்தோம். வெர்னர் கத்தாமல், எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்:

"விளங்கேல்லை எண்டு சொல்ல ஒரு நிமிசம். இதை இடிக்க இரண்டு நாள்."

மரெக் வாங்கிய ஏச்சு

கொங்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிக்கும், அதை ஊற்றும் அச்சுப் பலகைக்கும் நடுவில் சின்னக் கட்டைகள் வைத்து இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் பனி உருக வீதிக்குப் போடும் உப்பு இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். ஒருநாள் குளிர் தாங்காமல் ஒரு பக்கத்துக்கு நான் வைக்கவில்லை. வெர்னர் கண்டுபிடித்து, அவன் வேலை என்று நினைத்து, அங்கே நின்ற போலந்துக்காரன் மரெக்கை எல்லாருக்கும் முன்னால் ஏசினார். மரெக் என்னைப் பார்த்தான். நான் கம்பியைப் பார்த்தேன்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மத்தியானம் கேட்டேன். பாண் துண்டைக் கடித்தபடி சொன்னான்:

"எனக்கு ஏச்சோடை போச்சு. உனக்கு வேலை போனால்? உன்ரை அகதி வழக்கு இன்னும் முடியேல்லையெல்லோ?"

முறிந்த கை

பிறகு என்னைப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். குளிர் தொடங்க முன்னம் பாலங்களின் தண்ணீர்த் துவாரங்களை அடைத்த இலைகளை அள்ளவேண்டும். மழையில் போகப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் ஒரு பாலத்துக்குப் போகாமலே "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தண்ணீர் தேங்கி உறைந்தது. சைக்கிளில் வந்த ஒரு அம்மா அதில் சறுக்கி விழுந்து, கை முறிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக்கோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டி, தெரிந்த ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உள்ளே இருத்தி, கட்டுப்போடாத கையால் கோப்பி ஊற்றினார்.

"நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்? அந்தப் பாலத்தைப் பாக்கிறவனெல்லோ வந்திருக்க வேணும்!"

உறைபனி தாங்கும் பாலங்களைக் கட்டிப் பழகிய எனக்கு, "அவன் நான்தான்" என்ற சின்ன வசனத்தைச் சொல்ல இன்னொரு ஞாயிறும் இன்னொரு கேக்கும் தேவைப்பட்டன.