நிற்காமல் ஓடிய ஃப்ரிட்ஜ்

எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான் என் படிப்பு. ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்தில், தேரடித் தெருவில் எங்கள் வரிசையில் முதல் ஃப்ரிட்ஜ் என் வீட்டுக்குத்தான் வந்தது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கூடத்திலேயே வைத்தேன். அதன் கதவில் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

எதிர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் போடுகிற ஊசி மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டுமாம். "உங்க வீட்ல வச்சுக்கலாமாக்கா?" என்று அவர் மனைவி வந்து கேட்டாள். "இதெல்லாம் கேக்கணுமா? கொண்டா" என்றேன். மருந்து பாட்டிலை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, காலையில் டம்ளரோடு நானே எடுத்து நீட்டுவேன். அவள் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் தருவாள்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கம்பிகள் சூடாக இருந்ததால் ஈரத் துண்டுகளை அதன்மேல் போட்டேன். நன்றாகக் காய்ந்தன. மழை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. துண்டு, புடவை, பழைய போர்வை என்று எப்போதும் ஏதாவது ஒன்று அங்கே தொங்கும்.

பங்குனியில் மோட்டார் நிற்காமல் ஓடியது. "ஒரு நிமிஷம் ஓயுதா பாரு" என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். பால் திரிந்தபோது பால்காரரைத் திட்டினேன். ஐஸ் கட்டி உறையாததற்கு வெயிலைக் குறை சொன்னேன்.

ஒரு நாள் எதிர் வீட்டுக்காரர் வாசலிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை தலைக்குமேல் ஏறியிருந்ததாம். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மதியம் அவள் வந்து மருந்தைக் கேட்டாள், டம்ளரோடு எடுத்து நீட்டினேன். அவள் பாட்டிலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது என் கையைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தது.

பாட்டிலை மறு கைக்கு மாற்றிப் பார்த்தேன். அவள்தான் பேசினாள். "பத்து நாளாவே ஜில்லுனு இல்லக்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

மருந்து கெட்டது ஒரு பக்கம். கெட்டதை என்னிடம் சொல்லக்கூட ஒருத்தி பத்து நாள் பயந்திருக்கிறாள்.

மறுநாள் மெக்கானிக் வந்து ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தார். போர்வையை எடுத்து என் முன்னால் பிடித்தார்.

"இது என்னம்மா, அதுக்குக் குளிருதுன்னு போத்தி வுட்டீங்களா?"

"துணி காயப் போட்டேன்."

"உள்ள இருக்கற சூடு இந்தக் கம்பி வழியாத்தான் வெளிய போவணும். நீங்க அடைச்சுட்டீங்க. நிக்காம ஓடுதுன்னா திணறுதுன்னு அர்த்தம். நல்ல ஃப்ரிட்ஜு ஓடும், நிக்கும், மறுபடி ஓடும்."

தூசியைத் தட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் போனார். நான் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து மோட்டார் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாகி எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

சில நாளில் எதிர் வீட்டுக்காரர் தேறி வீட்டுக்கு வந்தார். அங்கே புது மருந்தை ஈர மணல் சட்டியில் வைத்திருந்தார்கள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், நானே போய் நின்றேன். "ஃப்ரிட்ஜ் சரியாயிடுச்சு. மருந்தக் குடும்மா" என்றேன்.

"நானே கொண்டாரேங்க்கா" என்று அவளும் கூட வந்தாள். என்னைக் கேட்காமல் கதவைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்புறம்தான் மருந்தை டம்ளருக்குள் நிறுத்தி உள்ளே வைத்தாள்.