குங்குமம் வைத்த விண்கலம்

பட்டணத்துக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், எழுபதுகளின் கடைசியில், நான் ஆறு பாகங்களுக்கு ஒரு விஞ்ஞானத் தொடர் எழுதினேன். ஆவடியில் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் எனக்கு வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் நாடகக் குழுவுக்கு வாய்ப்பு வந்தது. எழுதத் தெரிந்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றுவிட்டது. இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

கதை இதுதான். பூமியில் தண்ணீர் வற்றிப்போகிறது. ஒரு விண்கலத்தில் சிலர் வேறு கிரகம் தேடிப் புறப்படுகிறார்கள். கலத்துக்குள் காலம் மெதுவாக நகர்கிறது. அவர்களுக்கு ஒரு வருஷம் ஆவதற்குள் இங்கே ஒரு தலைமுறையே போய்விடுகிறது. அந்தக் காலக் கணக்குதான் தொடரின் பலம். அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலவீனம் மீதி எல்லாம். எல்லோரும் வகுப்பெடுப்பதுபோலப் பேசினார்கள். யாரும் சாப்பிடவில்லை, சண்டை போடவில்லை, ஊரை நினைத்து அழவில்லை. நாங்கள் செய்த தகரக் கலம் திரும்பினால் கடகடவென்று ஆடியது.

என் மனைவி 'நல்லாக்கீது' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் மன்றத்தில் இருந்த ஒரே டிவியின் முன்னால் எல்லோரும் கூடுவோம். அவளும் வந்து பெண்கள் பக்கம் உட்காருவாள். விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுவாள். தூங்காமல் என்ன செய்வாள்? தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிறபோது குடத்தோடு நிற்கவேண்டும், அது எந்த நேரமானாலும். எனக்கு அது தெரிந்தும் கோபம் வந்தது.

கலத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தகர ஷீட்டால் செய்து, அங்கேயே நிறுத்தியிருந்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் லாரியில் ஏற்றிப் போவோம். மூன்றாம் பாகப் பதிவுக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கும் துளைபோடும் மிஷினுக்கும் பொட்டு வைத்த பட்டறைக்காரர்கள் பக்கத்தில் நின்ற கலத்தை மட்டும் விடுவார்களா? கழுவித் துடைத்து, கதவிலிருந்து கட்டுப்பாட்டுப் பலகைவரை சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். விடியுமுன் இருட்டில் ஏற்றியதால், டிவி நிலையத்தில் லாரியிலிருந்து இறக்கும்போதுதான் பார்த்தோம். ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளிப் பெயின்ட்டில் சிவப்பு இன்னும் இழுகியது. கறுப்பு வெள்ளையில் ஒன்றும் தெரியாது என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

தெரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. போதாததற்கு, கலத்தின் தலைவியாக நடித்த கொரட்டூர் டைப்பிஸ்ட் பெண், வசனத்தை முடித்துவிட்டு, கதவிலிருந்த பொட்டை விரலால் தொட்டு ஒரு கணம் சும்மா நின்றார். நான் எழுதாதது அது.

ஒளிபரப்பான அன்று மன்றத்தில் ஒரு இருமல்கூட இல்லை. என் மனைவியும் அன்று தூங்கவில்லை. வீட்டுக்கு நடந்தபோது அவள்தான் முதலில் பேசினாள்.

"பொட்டு வெச்சி அனுப்பிக்கீறாங்க பாருங்க, பாவம். எந்த அம்மா வெச்சிதோ."

"அம்மாவும் இல்ல, ஆத்தாவும் இல்ல. பட்டறைக்காரங்க தெரியாம வெச்சது. தப்பு அது."

"தப்பா நடந்ததாவது உருப்படியா கீதே" என்றாள்.

சுருக்கென்றது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு உட்கார்ந்து கடைசிப் பாகத்தைத் திருத்தினேன். புதிய மண்ணில் இறங்குமுன் தலைவி அந்தப் பொட்டைத் தொடுகிறாள். இதை வைத்த அம்மா இந்நேரம் இருக்கமாட்டாளே என்று அழுகிறாள். என் காலக் கணக்கு முதல்முறையாக ஒரு மனுஷியின் வாயில் சரியாக உட்கார்ந்தது. இதற்கும் என் மனைவி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாவிட்டால் வேறு எதற்குச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

கடைசிப் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. கலம் இறங்கப்போகிற நேரத்தில் வெளியே யாரோ கத்தினார்கள்: "தண்ணி வந்துச்சி!" பெண்கள் பக்கம் மொத்தமாக எழுந்தது. அவளும் எழுந்து ஓடினாள். தண்ணீர் தீர்ந்துபோன கதையை எழுதிய நான் யாரைக் குறை சொல்வது? தலைவி அழுததை ஆண்கள் மட்டும் பார்த்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் குடம் தூக்கப் போய்விட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போனபோது குடங்கள் நிரம்பி வரிசையாக இருந்தன. அவள் நனைந்த சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க."

"அங்க தண்ணி கீதா?"

அந்த மண்ணின் நிறத்தை எழுதியிருந்தேன். வானத்தில் இரண்டு சூரியன்களை வைத்திருந்தேன். தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆறு பாகத்தில் எங்கேயும் எழுதவில்லை.

"கீது" என்றேன். "நெறைய கீது."

"அப்போ நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.